அக்காவின் கன்னத்தில் ரோஸ் பெயின்ட்

மார்ச் 11, 2015. பிஷ்கெக்

வழக்கம்போல ஜன்னலோரம் தேநீர். எதிரே மூடிக் கிடக்கும் ஜில்திஸ் சினிமா. முகப்புச் சுவர் முழுக்கப் புறாவைப் பறக்கவிடும் கான்கிரீட் பெண். அவள் என் அக்கா சாய்கல். சோவியத் காலத்தில் சிற்பி இவளை நிற்கவைத்துத்தான் செய்தார். மறு வருடமே காய்ச்சலில் போய்விட்டாள். வீட்டில் அவள் படம் ஒன்றுகூட இல்லை. இந்தச் சுவர்தான்.

இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப்போகிறார்களாம்.

மார்ச் 29

சுவரை இடிக்கக் கூடாதென்று நகராட்சிக்கு நான் போட்ட மனுவைப் பார்த்துவிட்டார்கள்! பாதுகாக்க வேண்டிய சின்னமா என்று பார்க்க ஏப்ரல் 20 அன்று ஒரு குழு வருகிறது. முற்றத்தில் எல்லோரிடமும் சொன்னேன். “உன் அக்காவை விட்டுடுவோமா, புருல்?” என்றாள் கீழ்வீட்டு ராயிசா.

நம்பிக்கை வைக்கக் கூடாது. வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 19

ஐயோ. என்ன செஞ்சு வெச்சிருக்காங்க!

நேற்று சனிக்கிழமைச் சிரமதானம். நான் காராகோலில் மகள் வீட்டில் இருந்தேன். முற்றத்துக்காரர்கள் மரங்களுக்குச் சுண்ணாம்பு அடித்த கையோடு, ஏணி போட்டுச் சுவருக்கும் பெயின்ட் அடித்துவிட்டார்கள். புறா வெள்ளை, பாவாடை பச்சை. அக்கா கன்னத்தில் ரோஸ்.

“பெரிய மனுஷங்க வரும்போது அழுக்கா நிக்கலாமா அவ?” ராயிசாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. “பாரு, உயிரோட நிக்கிற மாதிரியே இல்ல? புலாவ் எடுத்து வெச்சிருக்கேன், வா.”

ஒரு வாய் இறங்கவில்லை. நான் ஏன் எல்லோரிடமும் சொன்னேன்?

ஏப்ரல் 20

குழுத் தலைவர் சுவரைச் சுரண்டிப் பார்த்தார். “மூல வடிவமே போச்சேம்மா. இதை எப்படிச் சின்னம்னு எழுதறது?”

“சுரண்டி எடுத்துடலாமே?”

“எண்ணெய் பெயின்ட். கான்கிரீட்டும் சேர்ந்து வந்துடும்.”

ராயிசா படியில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் அவளைத் தாண்டி மேலே வந்துவிட்டேன்.

மே 2

ராயிசா கதவைத் தட்டினாள். திறக்கவில்லை.

ஜூன் 6

இடித்தார்கள். அவள் சாவதை இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தெம்பில்லை. திரையை இழுத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

நவம்பர் 23

எதிரே குழி. தண்ணீர் உறைந்திருக்கிறது.

ஏப்ரல் 16, 2016

மறுபடி சிரமதானம். குழியைச் சுற்றித் தகர வேலி. அதற்குப் பெயின்ட் அடிக்க வேண்டுமாம். ராயிசா என் முகத்தைப் பார்க்காமல் ஒரு டப்பாவைக் காலடியில் வைத்துவிட்டு நகர்ந்தாள். போன வருடத்து மிச்சம். அதே ரோஸ். மேலே ஆடை கட்டியிருந்தது. குச்சியால் கிளறினேன்.

“உச்சி வரைக்கும் அடிக்கணுமா?” என்று கேட்டேன். ஒரு வருடத்தில் அவளிடம் பேசியது இதுதான்.

“கை எட்டின வரைக்கும் போதும், புருல்.”

அடித்தேன். தகரத்தில் நன்றாகவே ஒட்டியது.