குளித்துவிட்டு வந்த கைகள்

11 ஆகஸ்ட் 1981, செவ்வாய். ரிங்லெட், கேமரன் மலை.

தேயிலைக் காட்டில் புல்லுக்கு மருந்தடிக்கும் பெண்களின் கையில் எவ்வளவு விஷம் ஒட்டுகிறது என்று பார்க்கத்தான் கோலாலம்பூர் ஆராய்ச்சிக் கூடம் என்னை அனுப்பியது. வேலை முடிந்ததும் அவர்கள் கையைக் கழுவி, அந்தத் தண்ணீரைப் புட்டியில் பிடிக்க வேண்டும். இன்று எல்லாரும் தலைக்குக் குளித்து, பூ வைத்து, வெளுத்த சேலையில் வந்து நின்றார்கள்.

"டாக்டரம்மா முன்னால மருந்து நாத்தத்தோடயா வந்து நிப்போம்?" என்றாள் செல்லம்மா. அந்த மரியாதையை நான் எப்படித் திட்டுவது?

தோட்ட மேனேஜரான துரையிடம் கணக்கெழுதும் கிராணிக்கு ஒரே சந்தோஷம். "கை சுத்தமாதான் இருக்குலா. அப்படியே எழுதிட்டுப் போங்க மேடம். துரையும் அதைத்தான் சொன்னாரு."

முடியாது என்றேன். "எங்க குளிச்சீங்க?" என்று செல்லம்மாவைக் கேட்டேன். அவர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் கைகாட்டினாள். குழாயடிச் சாக்கடையில் தண்ணீர் இன்னும் தேங்கி நின்றது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன்.

"ஐயோ மேடம், அது சாக்கடை!"

"அவங்க கை கழுவின தண்ணிதானே?"

கொண்டுபோன புட்டிகள் எல்லாம் நிரம்பிவிட்டன. எத்தனை சோப்புப் போட்டும் என் கையில் மருந்து நாற்றம் போகவில்லை. போகவும் வேண்டாம். காலையில் முதல் வேலையாகப் போய்த் துரைக்குக் கை கொடுக்கப்போகிறேன்.