காறை எலும்பு மூடும் வயது

அன்புள்ள கொக்குக்கு,

அம்மா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை, படி ஏறும்போது முழங்கால் மட்டும் முனகுகிறது. நீ எப்படி இருக்கிறாய் என்று போனில் கேட்டால் நல்லா இருக்கேன்மா என்று இரண்டு வார்த்தையில் வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். பாதியில் மூடி வைத்தாலும் மீதி ஓடிப்போகாது பார். அக்காவுக்கு வேலை இடம் மாறியிருக்கிறது, ஞாயிறு தவறாமல் வந்து துணி மடித்துக் கொடுத்து, என்னை நாலு திட்டுத் திட்டிவிட்டுப் போகிறாள். குளியலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது. அப்பா கட்டிவிட்டுப் போன கயிறு அப்படியே இருக்கிறது, அதை அவிழ்த்துச் சரி பண்ண எனக்கு மனசு வரவில்லை, வாளி வைத்துப் பிடிக்கிறேன்.

போன வாரம் உன்னோடு வேலை செய்கிற அந்தப் பெண் எனக்குப் போன் செய்தாள். கல்லுளிமங்கா, இப்படி ஒருத்தி இருக்கிறாள் என்று பெற்றவளிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? குரல் எனக்குப் பிடித்திருந்தது, சுற்றி வளைக்காமல் பேசினாள். நீங்கள் இருவரும் பதிவுத் திருமணத்துக்கு மூன்று முறை தேதி வாங்கினீர்களாம், மூன்று முறையும் நீ பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அந்தத் தாளையே பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டாயாம். உன் சட்டை முதுகு நனைந்திருந்ததாம். ஆபீசிலும் கையெழுத்துப் போட வேண்டிய தாளையெல்லாம் அடுத்தவர் மேஜைக்குத் தள்ளிவிடுகிறாயாம், இரண்டு முறை பதவி உயர்வு வந்தும் வேண்டாம் என்றாயாம். அவனுக்கு என்னைப் பிடிக்கலைன்னா சொல்லிடட்டும்மா, இந்த மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பேன், அப்புறம் என்னால முடியாது என்றாள். அவளைத் தப்பு சொல்ல மாட்டேன். உனக்கு என்ன என்று என்னைக் கேட்டாள். தெரியாது என்று சொல்லிவிட்டேன். தெரியும் கொக்கு, தெரிந்துகொண்டேதான் சொன்னேன்.

எங்கள் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே பிரிவில் இப்போது எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது, பழைய ஃபிலிம்களைக் கழித்துக்கட்டச் சொல்லி உத்தரவு. இரண்டு நாளாக உறை உறையாகப் பிரித்துக்கொண்டிருந்தேன், ஒன்றில் உன் பெயர். நீ வெளிநாடு கிளம்புவதற்கு முன் மருத்துவச் சான்றிதழுக்காக நானே எடுத்த நெஞ்சுப் படம். அப்பா போய்ப் பதினோராவது நாள் அது. உன்னைத் தட்டில் தாடை வைத்து நிற்கச் சொல்லி, தோளை முன்னால் தள்ளிவிட்டு, மூச்சை இழுத்துப் பிடி என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் வந்து பொத்தானை அழுத்தினேன். படம் எடுத்தும் ஆயிற்று, எனக்கு அழுகை வந்துவிட்டது, விடலாம் என்று சொல்ல மறந்துபோனேன். நீ மூஞ்சி சிவக்க அப்படியே நின்றாய், கடைசியில் தாங்க முடியாமல் இருமிக்கொண்டு அம்மா விடலாமா என்று கேட்டாய். அந்தப் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டிப் பார்த்தேன். வயதுக்குக் காகிதம் இல்லாதவர்களைக் கோர்ட்டிலிருந்து எங்களிடம் அனுப்புவார்கள் என்று சொல்லியிருக்கிறேன் இல்லையா, எலும்பைப் பார்த்து டாக்டர் வயது சொல்வார். கழுத்துக்குக் கீழே தட்டுப்படுகிற காறை எலும்பு இருக்கிறதே, அதன் உள்முனைதான் உடம்பிலேயே கடைசியாக வளர்ந்து முடிகிற இடம். மீசை வந்து, குரல் மாறி, உயரம் நின்று பல வருடம் கழித்தும் அங்கே ஒரு மெல்லிய இடைவெளி இருக்கும், அது மூட இருபத்திரண்டு இருபத்தைந்து வயதாகும். முன்பின் யோசித்து முடிவெடுக்கிற மூளையும் அதுபோலத்தான், நிதானமாகத்தான் முதிரும் என்று டாக்டர் சொல்வார். உன் படத்தில் இரண்டு பக்கமும் அந்த இடைவெளி பளிச்சென்று திறந்திருந்தது. ஊரார் பிள்ளைகளின் எலும்பைப் பார்த்து இது இன்னும் வளருகிற பிள்ளை என்று சொல்கிறவள், ஆறடி உயரத்தைப் பார்த்து என் பிள்ளை விஷயத்தில் ஏமாந்துவிட்டேன்.

ஏமாந்துவிட்டேன் என்று எழுதியதும் பொய்தான், இரு, சரியாக எழுதுகிறேன். அப்பாவுக்குத் தலைக்குள் ரத்தம் கசிந்து, ஆபரேஷனுக்குச் சம்மதம் கேட்டுத் தாளை நர்ஸ் என்னிடம்தான் நீட்டினாள். என் கை நடுங்குது, நீ போடுப்பா, இனிமே நீதான் பெரியவன் என்றேன் உன்னிடம். என் கை நடுங்கவில்லை. நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்னால்தான் என்று ஆகக்கூடாது, அவ்வளவுதான் என் எண்ணம். பத்தொன்பது வயது, நீ பேனாவை வாங்கி மறுபேச்சில்லாமல் போட்டாய். அப்பா ஆபரேஷன் மேஜையிலேயே போய்விட்டார். அடுத்த நாள் பெரியப்பா கூடத்தில் எல்லார் முன்னாலும் சின்னப் பையன் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டுட்டான், ரெண்டு நாள் பொறுத்திருந்தா பொழைச்சிருப்பான் என் தம்பி என்றார். நீ கதவோரம் நின்றிருந்தாய். நான் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வாயைத் திறக்கவில்லை. ஆபரேஷன் செய்யாவிட்டால் விடிவதற்குள் போயிருப்பார், செய்தாலும் பிழைக்க நூற்றில் ஐந்துதான் வாய்ப்பு என்று டாக்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொல்லியிருந்தார். அதைக் கிட்டத்தட்ட ஆறு வருடமாக உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால், அப்புறம் நீயே போட்டிருக்கலாமேம்மா என்று கேட்டுவிடுவாயோ என்று பயம். நீ லீவுக்கு வராததற்கு வேலை அதிகம் என்று எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி நானே நம்ப ஆரம்பித்துவிட்டேன்.

நேற்று பெரியப்பா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். இதை அன்னைக்கே சொல்லியிருந்தா அந்தப் பிள்ளை இங்க இருந்திருக்கும் என்றார். அக்காவிடமும் சொல்லிவிட்டேன், இந்த ஞாயிறு அவள் வரவில்லை. நீயும் கோபப்படு, கத்து, கொஞ்ச நாள் என்னோடு பேசாமல் இரு, அதெல்லாம் எனக்குச் சேர வேண்டியதுதான். ஆனால் அந்தப் பெண்ணிடம் எதற்குப் பேனா கனக்கிறது என்று சொல்லு. வேண்டுமானால் இந்தக் கடிதத்தையே அவளிடம் கொடுத்துவிடு, அவள் படிக்கட்டும், என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் பரவாயில்லை.

நீயும் அவளும் நல்லபடியாக இருக்க வேண்டும், நீண்ட ஆயுசும் நிம்மதியான தூக்கமும் உனக்குக் கிடைக்க வேண்டும். இதைக் கூரியரில்தான் அனுப்புகிறேன், மாதக் கடைசிக்கு இன்னும் ஒன்பது நாள்தான், மறந்துவிடாதே. உன் படத்தைக் கழிக்கவில்லை, வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். வரும் மாதம் உனக்கு இருபத்தைந்து முடிகிறது, அந்த எலும்பும் இந்நேரம் மூடியிருக்கும். அன்றைக்குச் சொல்ல மறந்ததை இப்போது சொல்கிறேன், விடலாம் கொக்கு, மூச்சை விடு.

இப்படிக்கு,
அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டிய
அம்மா