வள்ளியின் வெந்நீர்த் தொட்டி

6 அக்டோபர் 2025, திங்கள்

காலையில் ஹீட்டர் பற்றவில்லை. ஃபேன் சுற்றுகிறது, பொறி டிக் டிக் என்று விழுகிறது, நீலமாகத் தீ எட்டிப் பார்க்கிறது, உடனே அணைந்துவிடுகிறது. சில தடவை முயன்றுவிட்டு மெஷின் தானே பூட்டிக்கொள்கிறது.

ஆயுத பூஜை விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்த பெலிண்டா இன்றுதான் திரும்பி வந்தாள். மார்ச்சில் என் மனைவி வள்ளிக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து பயிற்சி கொடுப்பவள் அவள்தான். வெந்நீரில் நிற்க வைத்தால் வலது பக்கம் சீக்கிரம் இளகும் என்று சொன்னதும் அவள்தான். அதற்காகத்தான் கொல்லைப்புறத்தில் இந்த சிமெண்டுத் தொட்டியைக் கட்டினேன். மூடிப்போன ஒரு ரிசார்ட்டிலிருந்து நீச்சல்குள கேஸ் ஹீட்டரையும் கொண்டுவந்து மாட்டினேன். வெந்நீர் நன்றாகவே வேலை செய்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு வள்ளி நின்றாள். மூடியே கிடந்த விரல்கள் தண்ணீருக்குள் ஒவ்வொன்றாக விரிந்தன.

இன்று தொட்டிக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி அந்த டிக் டிக்கைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் திருவெறும்பூர் ஃபேக்டரியில் நாள் முழுக்க பாய்லர் சோதிக்கிறவன். என் வீட்டில் ஒரு ஹீட்டர் பற்றவில்லை என்று ஷாப்பில் சொன்னால் சிரிப்பார்கள்.

8 அக்டோபர்

சிலிண்டர் மாற்றினேன். ஃபில்டரைக் கழுவினேன். தண்ணீர் ஓட்டம் சரி. கேஸ் அழுத்தத்தை அளந்தேன், அதுவும் சரி. எல்லாமே சரியென்றால் எரியத்தானே வேண்டும்?

11 அக்டோபர், சனி

ஓட்டல் நீச்சல்குளங்களுக்கு வேலை பார்க்கும் ஜெபராஜை வரச்சொன்னேன். பர்னரைக் கழற்றினார். உள்ளே ஒரு சிலந்திக் கூடு. இரண்டு பேரும் புதையல் கிடைத்ததுபோல அதைப் பார்த்துச் சிரித்தோம். சுத்தம் செய்து மாட்டினால் மறுபடியும் அதே டிக் டிக். பொறி போடும் ஊசியை மாற்றினார், தீயை உணரும் கம்பியை உப்புத்தாளால் தேய்த்தார். கடைசியில் கண்ட்ரோல் போர்டுதான் போயிருக்கும் என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

14 அக்டோபர்

போர்டு புனேயிலிருந்து வர வேண்டுமாம். தீபாவளி கழித்துத்தான்.

20 அக்டோபர், தீபாவளி

புத்தி கெட்டுப்போய் ஒரு காரியம் செய்தேன். இரண்டு அண்டாவில் வெந்நீர் காய்ச்சி, வாளி வாளியாகத் தொட்டியில் கொண்டுபோய் ஊற்றினேன். தொட்டி பாதி நிறைவதற்குள் முதலில் ஊற்றியது ஆறிவிட்டது. இருந்தாலும் நல்ல நாள், இறக்கிப் பார்ப்போம் என்று அவளை இறக்கினேன். இடுப்பளவு நனைந்ததுமே உடம்பு வெடவெடவென்று ஆடி, கை நெஞ்சோடு போய் ஒட்டிக்கொண்டது. விரல்கள் உள்ளங்கையில் குத்தின.

“ஏத்திடுங்க. ஏத்திடுங்கங்க.”

துவட்டிப் படுக்க வைத்தேன். புதுப்புடவையை எடுத்துக் காட்டினேன். அப்புறம் கட்டிக்கிறேன் என்றாள்.

3 நவம்பர்

போர்டு வந்தது. மாட்டினோம். எரிய மாட்டேங்குது. என்னதான் வேணும் இந்த மெஷினுக்கு? ஜெபராஜ் என் முகத்தைப் பார்க்காமல் பெட்டியைக் கட்டினார்.

19 நவம்பர்

பெலிண்டா கிளம்பும்போது என்னை வாசலுக்குக் கூப்பிட்டாள். வள்ளிக்குக் கேட்கக் கூடாதென்று மெதுவாகப் பேசினாள்.

“அங்கிள், கை இறுகிட்டே வருது. தண்ணில கிடைச்சதெல்லாம் ஒண்ணொண்ணா போகுது. இந்த நேரத்த விட்டுட்டா அப்புறம் திருப்பி எடுக்கறது கஷ்டங்க.”

ஹீட்டர் எப்போது சரியாகும் என்று அவள் கேட்கவில்லை. நகம் குத்தாமலிருக்க வள்ளியின் உள்ளங்கையில் கைக்குட்டையைச் சுருட்டி வைத்திருக்கிறோம். அதை எடுக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொள்கிறாள்.

9 டிசம்பர்

மழை. கொல்லைப்பக்கம் போகவில்லை.

30 டிசம்பர், வைகுண்ட ஏகாதசி

ஸ்ரீரங்கம் முழுக்கக் கூட்டம். எங்கள் தெருவையும் அடைத்துவிட்டார்கள், பெலிண்டாவால் வர முடியவில்லை. கோயில் ஒலிபெருக்கியைக் கேட்டபடி வள்ளி படுத்திருந்தாள். சக்கர நாற்காலியில் கொஞ்ச தூரமாவது கூட்டிப் போகட்டுமா என்று கேட்டேன். இந்தக் கையோடு யாரையும் பார்க்க வேண்டாம் என்றாள்.

ஹீட்டர் என்ன ஆச்சு என்று கேட்பதையும் அவள் விட்டுவிட்டாள். எந்த நாளிலிருந்து என்று எனக்கு ஞாபகமில்லை. அதையாவது கவனித்திருக்க வேண்டாமா?

6 ஜனவரி 2026, செவ்வாய்

எரிந்துவிட்டது.

ஜெபராஜ் ஏதோ ஓட்டலில் கழித்துப்போட்ட கேஸ் ரெகுலேட்டர் ஒன்றைக் கொண்டுவந்தார். மற்றதெல்லாம் மாற்றியாயிற்று, இது ஒன்றுதான் பாக்கி என்றார். மாட்டி ஸ்விட்சைப் போட்டதும் ஒரே பிடியில் பற்றிக்கொண்டது. நின்று எரிகிறது. ஜெபராஜ் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அவர் போன பிறகு பழைய ரெகுலேட்டரைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஹீட்டரை ஒட்டிக் குழாயில் இருந்தது, தட்டு மாதிரி வட்டமான முகம். நடுவில் சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். சந்தனம் காய்ந்து கல்லாகியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். அடியில் ஒரு பொடித்துளை.

அந்தத் துளை ரெகுலேட்டர் மூச்சு விடும் வழி. உள்ளே ஒரு ரப்பர் தாள் இருக்கிறது. அது அசைய வேண்டுமானால் காற்று அந்தத் துளை வழியாகப் போய்வர வேண்டும். துளை அடைத்துக்கொண்டால், பர்னர் கேட்கும் நேரத்தில் போதுமான கேஸ் வராது. நான் அழுத்தம் அளந்தது ஹீட்டர் சும்மா இருந்தபோது. பற்றவைக்கும்போது அளக்கத் தோன்றவில்லை. முப்பது வருஷ சர்வீஸ்!

பொட்டு வைத்தது வள்ளி.

ஆயுத பூஜையன்று எல்லா சாமான்களுக்கும் நான்தான் பொட்டு வைத்துக்கொண்டு வந்தேன். ஹீட்டரிடம் வந்ததும், “இதுக்கு நான் வெக்கறேன்” என்றாள். பொட்டு வைப்பதென்றால் வலது கையாகத்தானே இருக்க வேண்டும்? கிண்ணத்தை அருகில் பிடித்தேன். மோதிர விரலை மெதுவாக நீட்டிச் சந்தனத்தைத் தொட்டாள். கை நடுங்கியது, ஒரு கட்டியே வந்துவிட்டது. அதை அப்படியே அந்த வட்டத்தின் நடுவில் வைத்து அழுத்தினாள். மார்ச்சுக்குப் பிறகு அந்தக் கை தானாகச் செய்த முதல் காரியம். நான் கை தட்டினேன். அவளுக்கு வந்த சிரிப்பில் பாதி முகம்தான் அசைந்தது.

எங்கள் ஷாப்பில் பூஜைப் பொட்டை யாரும் துடைக்க மாட்டோம். அடுத்த பூஜைவரை மெஷினிலேயே இருக்கும், தானாக உதிர்ந்தால் உண்டு. இங்கேயும் அதே பழக்கம். இத்தனை நாளும் அதைப் பார்த்துக்கொண்டேதான் வேலை செய்தேன். ஜெபராஜ் கிறிஸ்தவர். அவரும், பூஜை போட்ட பொட்டை நாம் எதற்குத் தொடுவது என்று, அதை விட்டுச் சுற்றிலும் துடைத்தார்.

குண்டூசியால் குத்தினேன். துளை உடனே திறந்துகொண்டது.

உட்கார்ந்து அழுதேன். அவளுக்குக் கேட்காமல் இருக்க மோட்டாரைப் போட்டுவிட்டு அழுதேன்.

8 ஜனவரி

தண்ணீர் பதமாகச் சூடாகிவிட்டது. நானும் பெலிண்டாவும் வள்ளியை இறக்கினோம். நின்றாள், ஆனால் எங்கள் இரண்டு பேர் மேலும் சாய்ந்துதான். கை நெஞ்சை விட்டு வரவில்லை. பெலிண்டா தண்ணீருக்குள் ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டாள். விட்டதும் மூடிக்கொண்டன. மறுபடி பிரித்தாள். மறுபடி மூடிக்கொண்டன.

“என்னதாங்க ஆச்சாம் அதுக்கு?” என்று கேட்டாள் வள்ளி.

“ரெகுலேட்டர் போயிடுச்சு.”

“எப்படிப் போச்சு?”

“பழசு தானே வள்ளி.”

இதற்கு மேல் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல மாட்டேன்.

15 ஜனவரி, பொங்கல்

இன்றும் இறக்கினோம். அதேதான்.

22 ஜனவரி, வியாழன்

மதியம் ரசம்சாதம் பிசைந்து அவள் வாயருகே கொண்டுபோனேன். வாயைத் திறக்கவில்லை. வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லையென்று தலையாட்டினாள்.

“ஒரு ஸ்பூன் எடுத்துட்டு வாங்க. தட்ட இந்தப் பக்கமா வைங்க.”

இடது பக்கம்.

மார்ச்சிலிருந்து பெலிண்டா எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள். இடது கையால் சோறு தின்ன மாட்டேன், சோத்தாங்கை வரட்டும், அதுவரை அவர் ஊட்டட்டும் என்று ஒரே பிடிவாதமாக இருந்தவள். நான் தட்டைப் பிடித்தபடி நின்றேன். இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாமே வள்ளி, தண்ணீர் இப்போதுதானே சூடாகிறது என்றேன்.

“போதுங்க. உங்க சாப்பாடு தினம் ஆறிப் போகுது.”

தட்டை நகர்த்தி வைத்தேன். பாதி சிந்தியது. புடவையில் விழுந்ததைத் துடைக்கப் போனேன், வேண்டாமென்றாள். மெதுவாக, யாருடைய உதவியும் இல்லாமல் முழுவதையும் சாப்பிட்டு முடித்தாள்.

கொல்லைப்புறத்தில் ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. போய் அணைத்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தேன்.