உருக்காமல் விட்ட வெள்ளிக்காசு

நங்கையா,

நேற்று பேத்தி என்னைக் கோயம்புத்தூரில் ஒரு காட்சிக்கூடத்துக்குக் கூட்டிப்போனாள். கண்ணாடிப் பெட்டிக்குள் வெள்ளிக்காசுகள். அயல்நாட்டு ராஜாவின் முகம், சுற்றிலும் எழுத்து மாதிரிக் கீறல்கள். பார்த்ததும், நீங்கள் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த நம் வீட்டு வாசலில் நகை செய்யும் பத்தர் மூட்டிய கரியடுப்பு கண்முன்னே வந்து நின்றது.

அந்த வருஷம் வெள்ளகோவில் பக்கம் மழையே இல்லை. கிணற்றை ஆழப்படுத்தியபோது தண்ணீருக்குப் பதில் காசுப்பானைதான் கிடைத்தது. எனக்கோ கல்யாணம் நெருங்கிவிட்டது, கொலுசுக்கு வெள்ளி இல்லை. அப்பா யோசிக்கவே இல்லை, காசுகளை உருக்கிவிடப் பத்தரை வரவழைத்துவிட்டார். பத்தர் ஒரு காசை உரசிப் பார்த்துச் சிரித்தார்.

"வெள்ளி நல்ல வெள்ளிங்க. ஆனா ரோமாபுரிக் காசில்லீங்க. அதைப் பாத்து நம்மூர்க்காரன் எவனோ அடிச்சிருக்கானுங்க. எழுத்துத் தெரியாம வெறுங்கோடாப் போட்டிருக்கான்."

"போலிதானே? அப்புறமென்ன, போடுங்க அடுப்புல," என்றார் அப்பா. புதையலை அரசாங்கத்திடம் ஒப்படைக்கச் சொல்லும் சட்டம் போலிக்குக் கிடையாது என்பது அவர் கணக்கு.

மாமனார் முன்னால் நிமிர்ந்து பேசாத நீங்கள், பானையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டீர்கள்.

"போலின்னாலும் புதையலுங்க மாமா. கெணறு வெட்டுனவங்க எல்லாரும் பாத்திருக்காங்க. நாளைக்குப் போலீஸ் வந்து உங்களைக் கூட்டிட்டுப் போனா கல்யாணம் நடக்குமுங்களா? தாசில்தார்கிட்டக் குடுத்துப்போடலாமுங்க."

அப்பா கையை ஓங்கிவிட்டார். அண்ணன், மகராசன், கட்டிய மனைவியை விட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். கதவோரம் நின்ற நான் அழ ஆரம்பித்தேன்.

நீங்கள் என்னைத்தான் பார்த்தீர்கள். "அழுவாத கண்ணு," என்று சொல்லிவிட்டு, தாய்வீட்டில் போட்ட உங்கள் கொலுசுகளைக் கழற்றிப் பத்தரிடம் நீட்டினீர்கள்.

"புதுப்பொண்ணுக்குப் பழசு ஆகாதுங்க. இதை உருக்கிப் புதுசாச் செஞ்சு குடுங்க."

அப்பாவின் கை தானாக இறங்கியது. மறுநாள் அவரே பானையைத் தாலுகா ஆபீசுக்குக் கொண்டுபோனார். அதற்கு முன் நீங்கள் ஒரு காசை எடுத்துத் தடவிப் பார்த்தீர்கள். "தெரியாத எழுத்தை எப்படிப் பாத்துப் பாத்து அடிச்சிருக்கான், பாவம்," என்றீர்கள்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அண்ணன் உங்களுக்கு வேறு கொலுசு வாங்கித் தருவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தான், கடைசிவரை வாங்கவில்லை. அவன்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

முன்பெல்லாம் நீங்கள் வருவது கொலுசுச் சத்தத்திலேயே தெரியும். அதன்பின் நான் தாய்வீடு வரும்போதெல்லாம் நீங்கள் பின்னால் வந்து நிற்பதே தெரியாது, திடுக்கிட்டுத் திரும்புவேன். இப்போதும் என் வீட்டுச் சமையற்கட்டில் சத்தமே இல்லாமல் இருந்தால், நீங்கள் வந்து நிற்கிறீர்களோ என்று திரும்பிப் பார்க்கிறேன், நங்கையா.