அவரவர் பை அவரவர் முதுகில்

மார்ச் 3, செவ்வாய்

காலை வகுப்புக்கு வந்த பெண் கிளட்சை மிதிக்காமலே கியர் மாற்றி வண்டியைக் கதறவிட்டாள். கூடவே நானும் கதறினேன். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவளுக்கு வண்டியைவிடத் தொண்டைதான் முக்கியம்.

வீட்டுக்கு வந்தால் மகன் முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கிறான். ஆபீஸில் லீவு இல்லையாம். அவனும் மருமகளும் போகவிருந்த பயணம். முதலில் மலையேற்றம், பிறகு காட்டில் ஜீப்பில் போய் விலங்குகள் பார்ப்பது, கடைசியில் கடற்கரை. பணம் திரும்ப வராது, ஆள் மட்டும் மாற்றலாம். மருமகள் புது மலை ஷூவைத் திரும்ப அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். அந்த மலைக்காக மூன்று வருஷமாக மாடிப்படி ஏறி இறங்கிப் பழகியவள் அவள்.

"நான் வர்றேன்" என்றேன். இரண்டு பேரும் பார்த்த பார்வை இருக்கிறதே! ஏன், ஐம்பத்தேழு ஒரு வயதா?

மார்ச் 4

மகன் இன்று குண்டைத் தூக்கிப் போட்டான். "மலையில சுமை தூக்க ஆள் கிடையாதும்மா. அவங்கவங்க பை அவங்கவங்க முதுகுல. உன்னால முடியலைன்னா அவளும் உன்கூட இறங்கணும். சேர்ந்து பதிவு பண்ணினவங்களைப் பிரிச்சு அனுப்ப மாட்டாங்க. அவ ஆசையில மண்ணு விழுந்துடும்."

"என் பையை நான் தூக்கலைன்னா என் பேரை மாத்திக்கறேன்டா!"

வாய் சும்மா இருந்ததா? டிரைவிங் ஸ்கூலில் ஒருத்தர் பாக்கி விடாமல் சொல்லியாயிற்று. இனி ஏறித்தான் ஆக வேண்டும்.

மார்ச் 7, சனி

காட்டுக்குப் போவது குட்டி விமானத்திலாம். சக்கரம் வைத்த பெட்டி ஆகாது, மெத்தென்ற பைதான். ஆளுக்குப் பதினைந்து கிலோ. அதற்குள்தான் மலைக் குளிருக்கும் காட்டுப் புழுதிக்கும் கடல் தண்ணீருக்கும் துணி.

என் சாமானை எடுத்துக் கட்டிலில் குவித்தேன். தலையணை, குடை, நாலு நைட்டி, அயர்ன் பாக்ஸ். மருமகள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். மாத்திரை எண்ணுகிற மாதிரி ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தாள்.

"அத்தை, காட்டுல அயர்ன் பண்ண துணி யாருக்கு? சிங்கத்துக்கா?"

சுருக்கென்றது. சிரிப்பும் வந்தது, காட்டிக்கொள்ளவில்லை. மாமியார் கெத்து என்று ஒன்று இருக்கிறதே.

மார்ச் 8

கருநீலமும் கறுப்பும் கூடாதாம், அந்த நிறத்தைத் தேடி வந்து கடிக்கிற ஈ காட்டில் உண்டாம். என்னிடம் உள்ள நல்ல துணியெல்லாம் கருநீலம்! மண் நிறத்தில் இரண்டு சட்டை வாங்கித் தந்தாள். கண்ணாடியில் கூரியர்காரி மாதிரி இருக்கிறேன். மிடுக்கான கூரியர்காரி.

ஒரு துணிக்கு இரண்டு வேலையாவது இருக்க வேண்டும் என்பது அவள் கணக்கு. மலையில் கழுத்தில் சுற்றுவது கடற்கரையில் தலைக்கு. கடைசியில் ஒரு நீச்சல் உடையைக் கையில் திணித்துவிட்டு ஓடிவிட்டாள். முட்டி வரை மூடுவதுதான். கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார்த்தேன். நமக்கென்ன குறை? நன்றாகவே இருக்கிறேன்.

மார்ச் 10

மலை ஷூ காலுக்குப் பழக வேண்டும் என்று வகுப்புக்கே போட்டுக்கொண்டு போனேன். அதன் அடிப்பாகம் அவ்வளவு அகலம். என் பக்கத்துக் கிளட்சை மிதித்தால் பிரேக்கும் சேர்ந்து போகிறது. நடுச் சிக்னலில் வண்டியை நானே நிறுத்திவிட்டேன். பின்னால் ஒரே ஹாரன். பக்கத்தில் இருந்த மாணவிக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

மார்ச் 12

எடை போட்டோம். பதினைந்துக்குள் அடங்கிவிட்டது. மருமகள் கை கொடுத்தாள்.

மார்ச் 16, மலை

காட்டுக்கும் கடலுக்கும் உள்ளதைக் கீழே விடுதியில் வைத்துவிட்டோம். மலைக்கு வேண்டியது மட்டும் முதுகில். "பட்டையெல்லாம் நான் இழுத்துக் கட்டித் தர்றேன் அத்தை" என்று காலையில் என் பையைத் தயார் செய்தாள்.

இப்போது மதியம். பை இறகு மாதிரி இருக்கிறது! எங்கள் குழுவில் எல்லோருக்கும் முன்னால் நான்தான். அவள் பின்தங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறாள். "மருந்துக்கடையில உக்காந்தே இருந்தா இப்படித்தான்" என்றேன்.

மாலை —

குளிருகிறதே என்று தடி ஜாக்கெட்டைத் தேடினால் என் பையில் இல்லை. மழைக்கோட்டு இல்லை. பெரிய தண்ணீர் பாட்டிலும் இல்லை. எல்லாம் அவள் பையில்.

கூடாரமே அதிரும்படி கத்தினேன். "என்னை என்ன கிழவின்னு நினைச்சியா?"

"கேட்டா குடுத்திருப்பீங்களா அத்தை? நீங்க இறங்கினா நானும் இறங்கணும். எனக்கு மேல போகணும்." கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் தாழவில்லை.

அப்படியானால் இன்று என் சுமையையும் சேர்த்துச் சுமந்தவளைத்தான் நான் கிண்டல் செய்தேனா? சே.

இருந்தாலும் எல்லாவற்றையும் என் பைக்கே மாற்றிவிட்டேன். சொன்ன சொல் சொன்னதுதான்.

மார்ச் 17

முடியவில்லை. உள்ளதை எழுதிவிடுகிறேன், முடியவில்லை. பாதி ஏற்றத்தில் பத்தடிக்கு ஒரு தரம் நின்றேன். "இறங்கிடலாமாம்மா?" என்று வழிகாட்டி கேட்டார். மருமகள் ஒரு முறை மேலே பாதையைப் பார்த்தாள். பிறகு என்னோடு இறங்குவதற்காகத் திரும்பி நின்றாள்.

அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. பாறையில் உட்கார்ந்து, எல்லோர் முன்னாலும் பையைத் திறந்தேன். ஜாக்கெட், பாட்டில், மழைக்கோட்டு.

"இந்தா, இதெல்லாம் நீ வச்சுக்கோ. என்னால முடியல."

இந்த வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதில்லை. பெற்ற பிள்ளையிடம்கூட.

"மீதி?" என்றாள்.

"மீதி நான்."

மார்ச் 18

உச்சி. இரண்டு பேரும். விரல் விறைத்து எழுத்து கோணுகிறது. பெருமையாக இருக்கிறது, அவ்வளவுதான்.

மார்ச் 22, காடு

யானைக் கூட்டம் பாதையை மறித்தது. ஜீப்காரர் ஹாரன் அடிக்கவில்லை, எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். நல்ல டிரைவர். ஈ ஒன்றுகூட எங்களைத் தீண்டவில்லை. கருநீல டீ-ஷர்ட்டில் வந்த ஒரு மகராசன் வழியெல்லாம் சொறிந்துகொண்டே வந்தார்.

மார்ச் 25, கடற்கரை

மணலில் நீச்சல் உடையோடு உட்கார்ந்திருந்தேன். வெயில் சுடும் என்று மருமகள் என் முதுகில் கிரீம் தடவிக்கொண்டிருந்தபோது மகன் போன் செய்தான். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அம்மா, நெஜமா சொல்லு. உன் பையை நீயேவா தூக்கின? உன் டிரைவிங் ஸ்கூல்ல எல்லாரும் என்னைக் கேக்கறாங்க."

நான் வாய் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "ஆமாங்க. அத்தையேதான், கடைசி வரைக்கும்."

"பொய் சொல்றாடா" என்றேன். "என் சுமையில பாதி இவதான் தூக்கினா. கேக்கறவங்க எல்லார்கிட்டயும் சொல்லு, என் மருமக ரெண்டு பேர் சுமையோட மலை ஏறினாள்னு. சத்தமா சொல்லு."

கிரீம் தடவி முடித்த பிறகும் அவள் கை என் முதுகிலேயே இருந்தது.