மடங்காத வாய்

ஹாமில்டன், மான்டானா
செப்டம்பர் கடைசி வாரம்

வெண்டலுக்கு,

சுகமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. நான் கேட்கப் போவதில்லை. போனில் என் குரல் கேட்டதும் நீ வைத்துவிடுவதால் இதை எழுத வேண்டியிருக்கிறது. கிழிப்பதானால் கடைசிவரை படித்துவிட்டுக் கிழி.

முதலில் நம் பெண்ணைப் பற்றி. கோரா என்னோடு பேசுவதில்லை. கால்நடை மருத்துவமனையில் வேலை முடிந்ததும் நேராகத் தன் வீட்டுக்குப் போய்விடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருவாள் என்று மான்கறி வேகவைத்துக் காத்திருந்தேன். வரவில்லை. கறியை நாய் தின்றது.

இதற்குக் காரணம் நீ. மாநில ரிவால்வர் போட்டி முடிந்த அன்று மாலை அவள் உனக்குப் போன் செய்தபோது என்ன சொன்னாய்? "என் தோட்டாவுல தப்பு வரவே வராது. உங்கம்மா பெட்டியில கை வச்சிருப்பா. வயித்தெரிச்சல் புடிச்சவ." அந்த வார்த்தைகளை அவள் அப்படியே சுமந்துகொண்டு வந்து என் சமையலறை வாசலில் நின்றாள். கார் சாவியைக்கூடக் கீழே வைக்கவில்லை. "அம்மா, அந்தப் பெட்டியத் தொட்டியா இல்லியா? அத மட்டும் சொல்லு" என்றாள். தொட்டேன் என்றேன். நீ அனுப்பிய பார்சலைப் பிரித்து அவள் பையில் வைத்ததே நான்தானே. அதற்குமேல் அவள் எதுவும் கேட்கவில்லை. கதவைச் சாத்திய வேகத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. இந்தக் கோபம் உன்னிடமிருந்து வந்ததுதான்.

போட்டியில் நடந்ததை நீ அவள் வாயால் மட்டும் கேட்டிருக்கிறாய். நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவள், நானும் சொல்கிறேன்.

பித்தளைக் கூட்டில் வெடிமருந்தும் குண்டும் வைத்து அவளுக்கு நானே தோட்டா போட்டுத் தருகிறேன் என்று ஆகஸ்டிலேயே சொன்னேன். இந்தப் பள்ளத்தாக்கில் என் தோட்டாவை யாரும் குறை சொன்னதில்லை. "இல்லம்மா, அப்பா போட்டதுதான் வேணும். கூட்டோட வாய அப்பா மடிச்ச மாதிரி யாரும் மடிக்க முடியாது" என்றாள். சரி என்று விட்டுவிட்டேன். அந்த நேரம் எனக்கு எப்படி இருந்தது என்று உனக்கு எழுத மாட்டேன். உனக்கு அது இனிக்கும்.

கடைசிச் சுற்று வரை அவள்தான் முன்னால் இருந்தாள். மிசௌலா நகரத்திலிருந்து வந்திருந்தவர்கள்கூடப் பேசுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஆறு இரும்புத் தட்டுகள், ஆறு குண்டுகள். இரண்டு தட்டுகள் விழுந்தன. மூன்றாவதற்கு விசையை இழுத்தாள், விசை வரவில்லை. மறுபடி இழுத்தாள். தோட்டாக்கள் இருக்கும் சிலிண்டர் சுழலவில்லை. ஹார்லன்தான் அன்று மைதானத்துக்குப் பொறுப்பு. "நிறுத்து கோரா! குழாய் தட்டுப் பக்கமே இருக்கட்டும். விரல வெளிய எடு" என்று கத்தினார். அவள் விரலை எடுத்தாள். கழுத்து சிவந்துபோயிருந்தது. ஹார்லன் அருகில் போய்க் குனிந்து பார்த்தார். ஒரு குண்டு கூட்டிலிருந்து நழுவி, சிலிண்டருக்கு முன்னால் மூக்கை நீட்டிக்கொண்டு சட்டத்தில் முட்டி நின்றது.

ஏன் நழுவும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் கல்யாணமான புதிதில், என்னை ரோ என்று கூப்பிட்ட காலத்தில், கராஜில் முக்காலியில் உட்கார வைத்து நீதான் சொன்னாய்: "ஒவ்வொரு தடவ சுடும்போதும் மிச்ச அஞ்சும் பின்னாடி உதை வாங்குது ரோ. கூடு பின்னாடி போகும், குண்டு இருக்கற எடத்துலயே இருக்கப் பாக்கும். வாய மடிச்சு அதக் கவ்விப் புடிக்கலேன்னா வெளிய வந்துரும்." என் மடிப்பு கொஞ்சம் தளர்வாக இருந்ததென்று ஒருமுறை நான் நாள் முழுக்கப் போட்டதையெல்லாம் வாளியில் கொட்டினாய். நான் அழுதேன். அந்த நீதான் வாய் மடிக்காத தோட்டாவை உன் மகளுக்கு அனுப்பியிருக்கிறாய்.

அவள் நாலாவதாக வந்தாள். அது போகட்டும், அடுத்த வருடம் போட்டி இருக்கிறது. ஆனால் கூடாரத்தில் காபி வாங்க நின்றபோது யாரோ, "வெண்டல் போட்டதா? நெசமாவா?" என்று கேட்டுச் சிரித்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு அவமானம் அந்தப் பதக்கம் போனது இல்லை, உன் பெயர் போனதுதான். அதனால்தான் நீ போனில் கொடுத்த பொய்யை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அப்பா தப்புப் பண்ணினார் என்பதைவிட அம்மா கெட்டவள் என்பது அவளுக்கு எளிது.

நீ அதோடு நிற்கவில்லை. ஹார்லனுக்கும் போன் செய்து அதையே சொல்லியிருக்கிறாய். அது நல்லதாகப் போயிற்று. சிலிண்டர் இறுகிய அந்த நிமிடமே மிச்சத் தோட்டாக்களைப் பெட்டியோடு எடுத்து அவர் தன்னிடம் வைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் மத்தியானம் நான் துப்பாக்கி கிளப்புக்குப் போனேன். "எல்லாத்தையும் கழட்டுங்க ஹார்லன். நான் ஒண்ணக்கூடத் தொட மாட்டேன்" என்று சொல்லி இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

அவர் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, பிறகு குண்டைக் கழற்றினார். மேல் வரிசையில் இருந்தவை உன் பழைய கைவேலை. விளிம்பு குண்டின் பள்ளத்துக்குள் அழகாக மடிந்திருந்தது. அதற்கடுத்து வந்தவற்றில் சிலவற்றுக்கு வாய் விரிந்தபடியே கிடந்தது, மடிக்கும் அச்சுக்குள் போகவே இல்லை. சிலவற்றை அளவுக்குமேல் அழுத்தியதில் பித்தளை புடைத்துப்போயிருந்தது. அப்போதும் நான் உள்ளுக்குள் உன்னைத் திட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

பிறகு ஒன்றைக் கழற்றித் தட்டில் கவிழ்த்தார். எதுவும் விழவில்லை. மருந்தே போடாத தோட்டா. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அதைக் கவிழ்த்தபோது கொட்டிக்கொண்டே இருந்தது. இரண்டு தடவை மருந்து போட்டிருக்கிறாய் வெண்டல். ஹார்லன் தட்டைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

மூன்றாவது குண்டில் சிலிண்டர் இறுகாமல் இருந்திருந்தால் அவள் மிச்சத்தையும் அன்றோ மறுநாளோ சுட்டிருப்பாள். அந்த இரட்டை மருந்துத் தோட்டா சிலிண்டரின் எந்த அறையில் போயிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். சுட்டிருந்தால் துப்பாக்கியே வெடித்திருக்கும், அவள் முகத்துக்கு முன்னால் ஒரு கை தூரத்தில்.

நான்தான் அதையும் செய்தேன் என்று சொல்லிவிடாதே. ஹார்லன் சொன்னதை எழுதுகிறேன்: "இத யாரும் பிரிச்சு மறுபடி போடல. பிரிச்சா குண்டுல கீறல் விழும். ஒண்ணுலகூடக் கீறல் இல்ல." தட்டை என் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னார்: "ரோவீனா, இது அசட்டையா செஞ்ச வேலையும் இல்ல. இது கண்ணு தெரியாதவன் செஞ்ச வேலை."

வீட்டுக்கு வண்டி ஓட்டிக்கொண்டு வரும்போது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. ஈஸ்டருக்கு வந்தபோது என் தபால் பெட்டியை இடித்துச் சாய்த்தாய். சாப்பாட்டுக் கடையில் கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று கோராவை உணவுப் பட்டியலைப் படிக்கச் சொன்னாய். காபியைக் கோப்பைக்கு வெளியே ஊற்றிவிட்டு மேசை சரியில்லை என்றாய். குடித்திருக்கிறாய் என்று நினைத்தேன். அதற்காக மன்னிப்புக் கேட்க மாட்டேன். நம் வீட்டில் எது உடைந்தாலும் அதுதானே காரணமாக இருந்தது.

உனக்குத் தெரியாமலா இருந்தது? கண் தெரியாதது குற்றமில்லை. தெரியாத கண்ணை வைத்துக்கொண்டு மகளுக்குத் தோட்டா போட்டதும், பழியைத் தூக்கி என் தலையில் போட்டதும்தான் குற்றம். அதை நீ தெரிந்தே செய்தாய்.

கோராவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. ஹார்லனையும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். இதை அவள் என் வாயால் கேட்டால், அம்மா ஜெயித்தாள் அப்பா தோற்றார் என்று ஆகிவிடும். நீயே சொல். அதுவரை என்னைத் திட்டிக்கொண்டிருக்கட்டும், எனக்குப் பழக்கம்தான். ஆனால் இன்னொரு தோட்டா போட்டாய் என்று தெரிந்தால் நானே நீ இருக்கும் சாலிஸுக்கு வந்து, தோட்டா போடும் அந்தக் கை பிரஸ்ஸை மேசையோடு பிடுங்கி ஆற்றில் போடுவேன்.

இந்தக் கடிதத்தைத் தடித்த பேனாவால் இவ்வளவு பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். பக்கத்துக்குப் பத்து வரிகூட வரவில்லை. கோபத்தில் எழுதியதால் அப்படி என்று வைத்துக்கொள்.

இப்படிக்கு,
உனக்கு இப்போது எந்த உறவும் இல்லாத
ரோவீனா


ஹாமில்டன்
அக்டோபர் நடுவில்

வெண்டலுக்கு,

உன் பதில் வந்தது. என்னைப் பிடிவாதக் கழுதை என்று எழுதியிருந்த இடம்வரை நன்றாகப் படிக்க முடிந்தது. அதற்குப் பிறகு வரிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிட்டன. ஜன்னலோரம் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

"நீ சொல்றதுல பாதி பொய். மீதிப் பாதிக்கு என்ன பண்ணணும்னு சொல்லு" என்று எழுதியிருக்கிறாய். இத்தனை வருடத்தில் உன்னிடமிருந்து எனக்குக் கிடைத்த மிகப் பெரிய மன்னிப்பு இதுதான் என்று நினைக்கிறேன். ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனாலும் அலமாரியில் வைத்திருக்கிறேன்.

போன குளிர்காலத்திலிருந்தே இடது கண் மங்கல், இப்போது வலதும் என்கிறாய். லைசென்ஸைப் பிடுங்கிவிடுவார்கள் என்று டாக்டரிடம் போகவில்லை என்கிறாய். வண்டி இல்லாமல் சாலிஸில் ஒரு மனிதன் என்ன செய்வான் என்று கேட்கிறாய். நியாயமான கேள்விதான். எதிரே வரும் வண்டியில் இருப்பவனும் ஒரு மனிதன், அவனையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

விரலால் தடவித்தான் மடித்தேன், விரலை நம்பினேன் என்று எழுதியிருக்கிறாய். அதற்குக் கீழே, "அவ கேட்டா. எப்படி இல்லேன்னு சொல்றது?" என்று ஒரு வரி. அந்த இடத்தில் கொஞ்ச நேரம் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். பிறகு கோபம் திரும்பி வந்தது. இல்லை என்று சொல்ல உனக்கென்ன சிரமம்? என்னிடம் நீ அதிகமாகச் சொன்ன வார்த்தையே அதுதானே.

கோரா வந்தாள். நீ அவளுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்ன மறுநாள் காலை. நான் கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டு, "எத்தன நாளா நான் உன்ன வாய்க்கு வந்தபடி பேசிட்டிருக்கேன். நீ ஏம்மா வாயத் தொறக்கல?" என்று கத்தினாள். கோழிகள் சிதறி ஓடின.

"சொன்னா நம்பியிருப்பியா?" என்றேன்.

யோசித்தாள். "இல்ல" என்றாள்.

"அப்புறம் என்ன? உள்ள வா. குளிருது."

உள்ளே வந்து, நான் கேட்காமலே பாத்திரங்களைத் தேய்த்தாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "அப்பா போன்ல அழுதாரும்மா. அவரு அழுது நான் கேட்டதே இல்ல" என்றாள். நானும் கேட்டதில்லை. அப்புறம் என்னையும் அவள் விடவில்லை. "நீங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் கடிச்சுக்கங்க. நடுவுல என்னப் போடாதீங்க. அன்னிக்குச் சுடற எடத்துல நின்னது நான்தான்" என்றாள். துண்டை எடுத்து அவள் தேய்த்த பாத்திரங்களைத் துடைத்தேன். அவள் சொன்னதற்கு உன்னிடம் பதில் இருந்தால் அவளுக்கு எழுது.

அவள் இப்போது என் கராஜில் உட்கார்ந்து தானே தோட்டா போடப் பழகுகிறாள். முதல் நாள் போட்டதில் பாதியைக் கொட்டச் சொன்னேன். கொட்டினாள், அழவில்லை. ஒவ்வொரு கூட்டையும் விளக்கடியில் சாய்த்து மருந்தைப் பார்த்த பிறகுதான் குண்டை வைக்கிறாள். மடிப்பு இன்னும் கொஞ்சம் கோணல்தான். சரியாகிவிடும்.

மிசௌலாவில் ஒரு கண் டாக்டரிடம் உன் பெயரில் நேரம் வாங்கியிருக்கிறேன். போனில் நீ சொன்னதையெல்லாம் கோரா அங்குள்ள நர்ஸிடம் சொன்னாள். புரையாக இருக்கலாம், அறுத்து எடுத்தால் பார்வை வரும், பார்த்தால்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும் என்றார்களாம். வேறு ஏதாவது என்றாலும் தெரிந்துகொள்வது நல்லது. நீ தங்க கோராவின் வீட்டில் இடமில்லை. என் வீட்டின் பின்னறையில் கட்டில் இருக்கிறது. இரண்டு நாளோ இரண்டு வாரமோ டாக்டர் சொல்வதைப் பொறுத்தது. அந்த அறைக்குள் நான் வர மாட்டேன். சமையலறைக்குள் நீ வந்து உப்பு குறைவு என்று சொல்லாதே.

சனிக்கிழமை நாங்கள் இருவரும் வருகிறோம். வண்டியை நான் ஓட்டுவேன். வழி முழுக்க நீ என்னோடு பேச வேண்டியதில்லை. நானும் பேசுவதாக இல்லை. கோராவோடு பேசிக்கொண்டு வா. அவளுக்கு உன்னிடம் கேட்க நிறைய இருக்கிறது. கை பிரஸ்ஸையும் அச்சுகளையும் துணியில் சுற்றி வை, அவளுக்கு வேண்டுமாம். எனக்காகக் கேட்கவில்லை.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று இந்தக் கடிதத்தில் எங்கும் எழுதவில்லை, தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. பெட்டியில் கை வைத்தவள் என்று சொன்னாயே, அது ஆறக் காலம் பிடிக்கும். ஆறாமலும் போகலாம்.

மலைக் கணவாயில் பனி விழ ஆரம்பித்துவிட்டது. உனக்கு ரோஷம் வந்து நீயே புறப்பட்டு வருகிறேன் என்று கிளம்பிவிடாதே. வண்டிச் சாவியை இன்றைக்கே பக்கத்து வீட்டு ஆக்னஸிடம் கொடுத்துவிடு. நாங்கள் வந்து ஹாரன் அடிப்போம். அடித்ததும் அவசரப்பட்டு ஓடி வராதே. உன் வாசல் படிகளில் காலையில் ஐஸ் கட்டியிருக்கும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கு வெண்டல்.

ரோ