பானெட்டின் மேல் ஒரு தட்டு

நவம்பர் 6, வியாழன்

காலையில் தூறல். பத்து மணிக்கு மேல் வெயில். கல்லூரிக்கு அரை நாள் விடுப்பு. காரணம் எழுதவில்லை.

நேற்று இரவு அம்மா போன். தங்கை உமாவுக்குப் பதினாறாம் தேதி கல்யாணம். முந்தின நாள் சாயங்காலம் பெண் அழைப்பு, கோயிலிலிருந்து மண்டபத்துக்கு. எங்கள் கார் கிடைக்குமா?

"அவரு ஓட்டிக்கினு வந்துடுவாரு இல்ல?"

"ஓட்டிக்கினு வந்து?"

"வந்து... வந்துதான்." பிறகு மழையைப் பற்றிப் பேசினாள்.

எனக்கும் அருளுக்கும் பதிவுத் திருமணம் ஆகி இரண்டு வருடம். அப்பா இந்த வீட்டுக்கு வந்ததில்லை. அருளின் சாதியை அவர் வாய்விட்டுச் சொன்னதுமில்லை. "அந்தப் பக்கத்து ஆளுங்க" என்று அவன் ஊரான தாமல் பக்கம் கையைக் காட்டுவார். திசைதான் பிரச்சினை என்பதுபோல.

அருளிடம் விஷயத்தைச் சொன்னேன். கேள்வியைச் சொல்லவில்லை. மருமகனாகவா, டிரைவராகவா?

அவன் உடனே போனை எடுத்து, கார் பெயிண்ட் மேல் பூசும் சீலன்ட் ஒன்று ஆர்டர் செய்தான். கருநீல வண்டி, செகண்ட் ஹேண்ட். "மண்டபத்து லைட்டுல கீறல் எல்லாம் தெரியும்பா. உங்க ஆளுங்க வேற வருவாங்க."

உங்க ஆளுங்க.

நவம்பர் 8, சனி

மேகம். காற்றில் ஏரி ஈரம்.

சீலன்ட் வந்துவிட்டது. பூசியபின் எவ்வளவு நேரம் விட்டுத் துடைப்பது என்று இரண்டு பேருக்கும் தெரியாது. அவன் வேலை பார்ப்பது கார் தொழிற்சாலையில்தான், ஆனால் சீட் மாட்டும் பிரிவில். ஒரு வீடியோவில் பத்து நிமிடம். இன்னொன்றில் அரை மணி. மூன்றாமவர் ராத்திரி முழுக்க விடச் சொல்கிறார். அவர் ஊரில் பனி பெய்துகொண்டிருந்தது.

பாட்டிலின் பின்னால் பொடி எழுத்து. நான் படித்தேன், அவன் கேட்டான். நிழலில், சூடில்லாத உலோகத்தில், மெல்லிசாகப் பூசவும். வெளிறிப் படரும்வரை விடவும். பிறகு துடைக்கவும். அதற்கப்புறம் ஒரு இரவு தண்ணீர் படக்கூடாது, எதுவும் மேலே படக்கூடாது. எத்தனை நிமிடம் என்று மட்டும் எங்கும் இல்லை.

பின்கதவில் சோதனை. வெளிறியதும் ஒரு விரலால் இழுத்துப் பார்க்க வேண்டும். கோடு சுத்தமாகப் பளபளத்தால் துடைக்கலாம். களிம்பு ஈஷி இழுசினால் இன்னும் ஆகவில்லை. முந்தினால் இழுசும், பிந்தினால் இறுகும். கடிகாரம் உதவாது, தொட்டுத்தான் பார்க்க வேண்டும். (வகுப்பில் இதைச் சொன்னால் குறிப்பெடுத்துக்கொள்வார்கள். வேண்டாம்.)

அத்தை, அருளின் அம்மா, வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்தபடி: "பொண்டாட்டி மூஞ்சிய ஒரு நாளாவது இப்டி உத்துப் பாத்துருப்பியாடா?"

"அவ மூஞ்சில விரல வச்சா கடிச்சிடுவாம்மா."

அத்தை சிரித்ததில் முறம் சரிந்து பாதிக் கீரை கீழே.

வாங்க: துடைக்கும் துணி 2, து. பருப்பு, சிவப்பு மை பேனா.

அம்மாவிடமிருந்து போன் இல்லை. கட்டிக்கொடுத்த பெண் வீட்டுக்குப் பெற்றவர்கள் தட்டோடு வந்து, மாப்பிள்ளை கையில் கொடுத்துக் கூப்பிடவேண்டும். எங்கள் தெருவில் அதற்குத்தான் அழைப்பு என்று பெயர். மற்றதெல்லாம் தகவல்.

நவம்பர் 9, ஞாயிறு

அப்பா வந்தார்.

கதவுகள், கூரை முடித்து, பானெட்டில் பூசிவிட்டுக் காத்திருந்தோம். பானெட் வெளிற ஆரம்பித்திருந்தது. அருள் விரலால் இழுத்துப் பார்த்தான். இழுசியது. "இன்னும் கொஞ்ச நேரம்" என்றான். அப்போது ஸ்கூட்டர் சத்தம்.

அப்பா கையில் தட்டு. பழம், பூ, வெற்றிலை பாக்கு, ஓரத்தில் மஞ்சள் தடவிய பத்திரிகை.

"வாங்க சார்" என்றான் அருள். அவனுக்கு வேறு சொல் எதையும் நாங்கள் கொடுத்திருக்கவில்லை. கை இரண்டிலும் வெள்ளைக் களிம்பு. "உள்ள வாங்க. ஒரு நிமிஷம், கை கழுவிக்கினு வந்துடறேன்."

"பரவால்ல, பரவால்ல. வேலையப் பாரு."

தட்டைப் பானெட்டின் மேல் வைத்தார்.

என்னிடம்: "ரெண்டு பேரும் வந்துடுங்க." அவனிடம், அவன் தோளுக்குச் சற்று மேலே பார்த்து: "சனிக்கிழமை அஞ்சு மணிக்கு வண்டி கோயிலாண்ட நிக்கணும்பா."

அத்தை சொம்பில் தண்ணீரோடு வெளியே வருவதற்குள் ஸ்கூட்டர் திரும்பிவிட்டது.

துடைக்கும் துணியை யாரும் எடுக்கவில்லை. பானெட் காய்ந்து இறுகிப்போனது. பிறகு நான்தான் தட்டை எடுத்தேன். அடியில் வட்டமாக ஒரு தடம். பக்கத்தில் மஞ்சள் விரல்ரேகை ஒன்று.

நவம்பர் 10, திங்கள்

விடைத்தாள் திருத்த உட்கார்ந்தேன். நான்குதான் முடிந்தது.

கையில் களிம்பு இருந்ததால் அங்கே வைத்தாரா? இல்லை, களிம்பு இருந்தது அவருக்கு வசதியாகிவிட்டதா? கொஞ்சம் பிந்தி வந்திருந்தால் அருளின் கை சுத்தமாக இருந்திருக்கும். ஏதாவது ஒன்று தெரிந்திருக்கும். தெரியாமல் இருப்பதே நல்லதா?

வேலை முடிந்து வந்ததும் அருள் இறுகிய இடத்தின் மேலேயே புதிதாகக் கொஞ்சம் பூசினான். பழையது இளகியது. துடைத்தான். தடம் முக்கால்வாசி போய்விட்டது. தலையைச் சாய்த்தால் தெரிகிறது. நான் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன்.

"விடு. கையில மருந்து இருந்துச்சு, அவரு வச்சிட்டாரு. அவ்ளோதான்."

"நம்பறியா?"

"நம்பிட்டா எல்லாருக்கும் ஈசி இல்ல?"

தட்டு சாமி படத்துக்குக் கீழே, மேசையில். இந்த வீட்டில் வாழைப்பழம் ஒரு நாள் தாங்காது. அதிலிருந்து ஒன்றுகூடக் குறையவில்லை.

நவம்பர் 12, புதன்

பகலெல்லாம் மழை. மதிய இடைவேளையில், மாடிப்படியில் நின்று, அப்பாவுக்கு நானே போன் செய்தேன். அவர் இருந்த இடத்துத் தறிச் சத்தத்தில் கத்தித்தான் பேசவேண்டியிருந்தது. இதைக் கத்திச் சொல்லும்படி ஆயிற்று.

"தட்ட ஏம்பா வண்டி மேல வச்சீங்க?"

"எந்தத் தட்டு?"

"அப்பா."

"அவரு கையெல்லாம் என்னாவோ இருந்துச்சே."

"கழுவிக்கினு வரேன்னு சொன்னாரே."

"அதுக்கு? நான் அங்க காத்துக்கினு நிக்கணுமா?"

"ஆமாம்பா."

அவர் பக்கத்தில் யாரிடமோ நூல் கணக்குக் கேட்டார்.

"அவரக் கூப்டாம அவரு வண்டிய மட்டும் கூப்டாதீங்க" என்றேன். போன் நின்றது. வைத்தது நானா அவரா, சரியாக நினைவில்லை.

மாலை போனில் அம்மா, அழுகையோடு: "வேற வண்டி பாத்துக்கறேன்றாரு. உன்னால உமா மனசு கஷ்டப்படணுமாடி? நாலு நாள் வாய மூடிக்கினு இருக்கக் கூடாதா?"

அருளுக்குக் கோபம். கல்யாணமானதிலிருந்து இப்படிப் பார்த்ததில்லை. "எனக்காக சண்டை போடச் சொல்லி நான் கேட்டனா? அது உன் தங்கச்சிமா. நீ போயே ஆகணும்." பிறகு, முதுகைக் காட்டிக்கொண்டு: "நான் டிரைவராவே வந்திருப்பேன்."

அதுதான். அவன் வந்திருப்பான். கேள்வியை நான் மறைத்து வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவனிடம் பதிலே இருந்திருக்கிறது.

தூக்கமில்லை. நான் செய்தது நியாயமா, நியாயம் என்ற பெயரில் உமாவின் நாளை எடுத்துக்கொண்டேனா?

நவம்பர் 14, வெள்ளி

மழை விட்டிருக்கிறது. சேறு. எனக்கு விடுப்பு, அவனுக்கு இரவு ஷிஃப்ட்.

நாளை பெண் அழைப்பு. அங்கிருந்து யாரும் பேசவில்லை. உமாவுக்குச் செய்தி அனுப்பினேன். நீல டிக், பதில் இல்லை.

அருள் காலையிலேயே வண்டியைக் கழுவி, துடைத்து, பானெட்டுக்கு மறுபடி சீலன்ட் பூச ஆரம்பித்துவிட்டான்.

"எதுக்கு இப்ப?"

"கல்யாணத்துக்கு இல்லன்னா போவுது. வண்டி நம்மளுதுதானே?"

பூசி முடித்தபோது ஸ்கூட்டர் சத்தம். அப்பா. இந்தத் தடவை தட்டு இல்லை, எங்கள் ஊர்ப் பட்டுக்கடைத் துணிப்பை ஒன்று. வாய் திறந்திருந்தது. உள்ளே ஜரிகைக்கரை வேட்டி, சட்டைத்துணி. வீட்டு மாப்பிள்ளைக்கு எடுத்துக் கொடுப்பது.

அருள் நிமிர்ந்தான். இரண்டு கையும் வெள்ளை. அவன் என்னைப் பார்த்தான், நான் அப்பாவைப் பார்த்தேன், அப்பா பானெட்டைப் பார்த்தார்.

"எவ்ளோ நேரம் ஆவும்?" என்றார். என்னிடமில்லை.

"காத்துல ஈரம் இருக்குது. காயணும். அப்புறம் துடைக்கணும்." அருள் கைகழுவப் போகவில்லை. "லேட்டாவும்."

அத்தை உள்ளேயிருந்து பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். போட்ட சத்தம் பலமாகக் கேட்டது.

அப்பா உட்கார்ந்தார். பையை மடியில் வைத்துக்கொண்டார். தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். இரண்டு தடவை போன் அடித்தது, எடுத்துப் பார்த்து அணைத்தார். மண்டபத்தில் ஆயிரம் வேலை இருக்கும்.

ஜன்னலருகே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அருள் இப்போதுதான் விரலால் இழுத்துப் பார்த்தான். இழுசுகிறது. அப்பா இன்னும் எழுந்திருக்கவில்லை.